குண்டி தூக்காத நுளம்பு

கேற்றைத் தள்ளுங்கோ பிள்ளை, பூட்டில்லை, சும்மா இறுகிப்போய் நிக்குது. ஓம், நான்தான் தில்லையம்பலம். பதினாலாம் நம்பர்த் தோட்டம். நீங்கள் தமிழ்ப் பிள்ளையே? சுகாதாரக் கந்தோரில இருந்து ஆள் வரும் எண்டு கடுதாசி போட்டிருந்தாங்கள், ஆனா தமிழ்ப் பிள்ளையைத் தேடிப் பிடிச்சு அனுப்புவாங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. கிழவனுக்கு டொச் விளங்காது எண்டு முடிவு கட்டிட்டாங்கள் போல. நான் ஜேர்மனிக்கு வந்து முப்பத்தொன்பது வருசம். இவங்கட டொச்சை இவங்களை விட நான் நல்லாக் கதைப்பன்.

அங்கிள் எண்டே கூப்பிடுங்கோ, பரவாயில்லை. உந்தக் கதிரையில இருங்கோ. அது என்ன கையில, அகப்பையும் போத்திலும்? தண்ணி அள்ளிப் பாக்கவோ? அள்ளுங்கோ. பீப்பா மூண்டு நிக்குது, சாடிக்குக் கீழ தட்டுகள் நிக்குது, ஆசைதீர அள்ளுங்கோ. ஆனா முதலே ஒண்டு சொல்லிப்போடுறன். நுளம்பைப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறதுக்கு இந்த நாட்டில இன்னும் ஆள் பிறக்கேல்லை.

சிரிக்காதேங்கோ. எழுபத்தாறில இருந்து எண்பத்துமூண்டு வரைக்கும் நான் மலேரியா ஒழிப்பு இயக்கத்தில வேலை செய்தனான். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு எல்லாம் நடந்து திரிஞ்ச கால் இது. முதுகில மருந்துப் பம்பு. ஒரு நாளைக்கு இருபது வீடு அடிக்கோணும். அடிச்சு முடிச்சுக் கதவுக்குப் பின்னால திகதி எழுதிக் கையெழுத்து வைக்கோணும். சனம் என்ன செய்யும் தெரியுமே? நாங்கள் படலையைத் தாண்ட முந்தி, சாணியைக் கரைச்சு, மருந்தடிச்ச சுவரை மேலால மெழுகிப்போடும். மணக்குதாம்! காய்ச்சல் வந்து கிடக்கேக்க மட்டும், மலேரியாக்காரன் ஒழுங்கா அடிக்கேல்லை எண்டு எங்களைப் பேசும். மொக்குச் சனம். சொன்னதைக் கேளாத சனம். அதுகளோட ஏழு வருசம் மாரடிச்சவன் நான், இவங்கட நுளம்புக் கூட்டத்துக்குப் போய் இருந்தால் எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

சித்திரை மாதம் வைச்சவங்கள், இந்தத் தோட்டத் துண்டுகளை வாடகைக்கு விடுற தோட்டக்காரர் சங்கத்தின்ர மண்டபத்தில. ஒரு சின்னப் பெடியன் வந்தான், தாடியும் இன்னும் ஒழுங்கா முளைக்கேல்லை. சுவரில படம் விட்டான். கறுப்பு வெள்ளை வரி போட்ட நுளம்பு, காகமளவு பெருசாக் காட்டினான். இது முந்தி இஞ்ச இல்லையாம். இத்தாலிப் பக்கத்தால, காருக்குள்ளயும் லொறிக்குள்ளயும் ஏறி, மலை தாண்டி வந்ததாம். முந்தியெண்டால் மாரிக்குளிருக்குச் செத்திடுமாம், இப்ப குளிரும் முந்தின மாதிரி இல்லையாம், முட்டை தப்பிக் கிடக்குதாம். கிழவியள் எல்லாம் வாயில கையை வைச்சினம். நான் எழும்பிக் கேட்டன், "தம்பி, இந்த நுளம்பால இந்த ஊரில எத்தினை பேருக்கு மலேரியா வந்தது?" அவன் சொல்லுறான், "இது மலேரியா நுளம்பில்லை, ஐயா. ஒருத்தருக்கும் வரேல்லை." "அப்ப ஏன் எங்களை மினக்கெடுத்திறாய்?" எண்டு கேட்டிட்டு இருந்தன். அவன் வேற என்னவோ சொன்னவன்தான், நான் கேக்கேல்லை.

குளிசை குடுத்தவங்கள், ஓம். தோட்டத்துக்கு ரெண்டு பெட்டி, நுளம்புப் புழுவைக் கொல்லுற மருந்தாம். தண்ணிப் பீப்பாவுக்குள்ள போடட்டாம். அந்தத் தண்ணியிலதானே பிள்ளை நான் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊத்துறனான்? இவங்கட மருந்தைக் கரைச்சு ஊத்திப்போட்டு, பேந்து அந்தக் கத்தரிக்காயை நான் பால்கறி வைச்சுச் சாப்பிடுறதோ? அதோட ஒரு மணம் வேற. எடுத்துக் குப்பைக் கிடங்குக்குள்ள எறிஞ்சன். அதை எழுதத் தேவையில்லை.

லுட்ஸ் போட்டவன். அவன் போடாமல் இருப்பானே? பதினைஞ்சாம் நம்பர், அந்தா, அந்த வேலிக்கு அங்கால. உங்களுக்குத் தெரியும்தானே, அவன் ஆஸ்பத்திரியில கிடக்கிறபடியால்தானே நீங்களே வந்து நிக்கிறியள். எழுபத்துநாலு வயது. ரெயில்வேயில நேர அட்டவணை எழுதினவன். அந்தப் புத்தி இன்னும் விட்டுப்போகேல்லை. வேலி ஒரு மீற்றர் இருபத்தைஞ்சு சென்ரி மீற்றருக்கு மேல வளரக்கூடாது எண்டு சங்கத்தில சட்டம். சனிக்கிழமை சனிக்கிழமை அளவு நாடாவோட வந்து நிப்பான். ரெண்டு சென்ரி கூடினால் கடுதாசி. மத்தியானம் ஒரு மணிக்கும் மூண்டு மணிக்கும் இடையில சத்தம் போடக்கூடாது, நான் ரெண்டு மணிக்கு உரலில மிளகாய் இடிச்சதுக்குக் கடுதாசி. முருங்கை வைச்சதுக்குக் கடுதாசி, அது மரமோ செடியோ எண்டு விளக்கம் கேட்டு. பத்தொன்பது வருசத்தில பதினாறு கடுதாசி. எல்லாத்தையும் வைச்சிருக்கிறன், காட்டுவன்.

கடுதாசி போட்ட அடுத்த நாள், ஒண்டும் நடவாத மாதிரி, தட்டில பிளம்ஸ் கேக் கொண்டு வருவான். பின்னேரம் நாலு மணி, ஒரு நிமிசம் முந்தவும் மாட்டான் பிந்தவும் மாட்டான். நீங்கள் இருக்கிற அந்தக் கதிரையிலதான் இருப்பான். கேக்கில சீனியே இருக்காது. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன், அதுக்கும் சீனி வேண்டாம் எண்டுவான். என்ன மனிசன்? என்ர பேரை முழுசாச் சொல்ல நாக்கு வராது, மரியாதைக்கு முன்னால ஹெர் போட்டு, "ஹெர் தில்லை, ஹெர் தில்லை" எண்டுவான். பெண்சாதி செத்துப்போச்சு, பிள்ளையள் இல்லை. என்ர மனிசி மகளோட கனடாவில, பேரப்பிள்ளை பாக்கப் போனது போனதுதான். அவனுக்கும் போக்கிடமில்லை, வந்து இருப்பான். துரத்தவே ஏலும்?

ஆனி மாதம் ஒரு நாள் நெருப்புப் பெட்டியோட வந்தான். திறந்தால் உள்ளுக்க ஒரு நுளம்பு, செத்தது. வரி போட்ட கால். இதை எங்கேயோ ஆராய்ச்சிக்காரருக்குத் தபாலில அனுப்பப் போறானாம், அந்தத் தாடிப்பெடியன் விலாசம் குடுத்தவனாம். கடுதாசி போட ஒரு சாட்டுக் கிடைச்சால் லுட்ஸுக்குக் காணும். நான் கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாத்தன். "லுட்ஸ், இது உன்ர கையில இருக்கேக்க எப்பிடி இருந்தது? குண்டியைத் தூக்கிக்கொண்டோ, படுத்த மாதிரியோ?" எண்டு கேட்டன். முழுசுறான். நான் மேசையில விரலைச் சரிச்சு வைச்சுக் காட்டினன். காய்ச்சல் நுளம்பு எண்டால் தலை கீழ, குண்டி மேல, ஊசி குத்தி நிறுத்தின மாதிரி நிக்கும். சும்மா நுளம்பு நேராப் படுத்திருக்கும். இது மலேரியா இயக்கத்தில முதல் நாள் முதல் பாடம். அவன் யோசிச்சு, படுத்துத்தான் இருந்தது எண்டான். எத்தினை மணிக்குக் கடிச்சது எண்டு கேட்டன். பின்னேரம் மூண்டு இருபது எண்டான். "காய்ச்சல் நுளம்பு பொழுதுபட்டால்தான் வரும். குண்டி தூக்காத நுளம்புக்கு ஒருத்தனும் பயப்பிடத் தேவையில்லை" எண்டு சொல்லி, பெட்டியைப் புல்லுக்குள்ள கொட்டினன்.

வெறும் பெட்டியை மூடி மேசையில வைச்சான். பேந்து சட்டைப் பையில இருந்து அந்தச் சின்னக் கொப்பியை எடுத்து, நான் சொன்னதை அப்பிடியே எழுதினான். நான் சொன்னால் எழுதுவான். தாடிப்பெடியன் படிச்சவன், நான் கண்டவன், அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியும்.

பிள்ளை, அவன்ர குளத்தைப் பாத்தனீங்களே? தவளைக்கெண்டு குளம் வெட்டி வைச்சிருக்கிறான், விசரன். அங்கதான் உங்கட நுளம்பு இருக்கும், அங்க போய் அள்ளுங்கோ. அள்ளிட்டியளோ? ஒண்டுமில்லையோ? தவளை திண்டிருக்கும். சரி, இஞ்ச பாருங்கோ. அந்தக் கறிவேப்பிலைத் தட்டில என்னத்தைக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறியள்? புழுதான். துள்ளும். காய்ச்சல் நுளம்பு பூச்சாடித் தட்டில முட்டையிடாது பிள்ளை, அது ஆத்துப் பள்ளம் தேடும், மணல் கிடங்கு தேடும். இது நல்ல பைப் தண்ணி. நான் இல்லாத நேரம் லுட்ஸ் ஊத்தினது.

ஓம், நான் ஊருக்குப் போனனான். ஆடி மாதம் முழுக்க. யாழ்ப்பாணத்தில மூண்டு கிழமை, பேந்து கொழும்பில, வெள்ளவத்தையில தங்கச்சி வீட்டில பத்து நாள். போக முந்தி லுட்ஸிட்டைச் சொல்லிப்போட்டுப் போனனான், "கறிவேப்பிலை வாடக்கூடாது, முருங்கை வாடக்கூடாது, தட்டில எந்த நேரமும் தண்ணி நிக்கோணும், கொட்டிப்போடாதை" எண்டு. ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் வந்திருக்கிறான். அளவுச் சாடியால அளந்து ஊத்தி, கொப்பியில திகதி போட்டு எழுதி வைச்சிருக்கிறான். நடுவில ஒருக்காப் போன் எடுத்தான், தட்டில புழு இருக்குது, கொட்டட்டோ எண்டு. கொட்டினால் வேர் காஞ்சிடும், விடு எண்டன். விட்டிட்டான். நான் வந்து பாக்க ஒரு இலை பழுது இல்லை. எங்கட ஆக்களிட்டைக் குடுத்திருந்தால் எல்லாம் விறகாயிருக்கும்.

வந்தாப்போல காய்ச்சலோ? எனக்கோ? இல்லை. பயணக் களை. என்ன எழுதுறியள்? காய்ச்சல் எண்டு எழுதாதேங்கோ, களை எண்டு எழுதுங்கோ. மேல் உளைஞ்சது, கண்ணுக்குப் பின்னால குத்தினது, கொஞ்சம் சுட்டது. நாலு நாள். அது காய்ச்சலே? எனக்கு நாலு தரம் மலேரியா வந்தது பிள்ளை. நடுங்கிற நடுக்கத்தில கட்டில் நகரும். நடுக்கம் இல்லாததை நான் காய்ச்சல் எண்டு சொல்லுறேல்லை. டொக்டரிட்டையோ? என்னத்துக்கு? இவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து தேத்தண்ணி. வயித்துவலிக்கும் தேத்தண்ணி, நெஞ்சுவலிக்கும் தேத்தண்ணி. அதை நானே ஊத்திக் குடிப்பன்.

எங்க இருந்தனோ? இஞ்சதான். நாலாம் மாடி வீடு, ஆவணி வெக்கை, உள்ளுக்க கிடக்க ஏலாது. சாரத்தைக் கட்டிக்கொண்டு வெறும் மேலோட இந்த நிழலில கிடந்தன். லுட்ஸ் சூப் கொண்டு வந்தான், உப்புமில்லை உறைப்புமில்லை, கோழி குளிச்ச தண்ணி. பக்கத்தில இருந்து பேப்பர் வாசிச்சான். கடிச்சதுதான், அந்த வரிப்பூச்சி ரெண்டு பேரையும் பகல் முழுக்கக் கடிச்சதுதான். நான் காலைக் காலை அடிச்சுக்கொண்டு கிடந்தன். படுத்துக்கொண்டுதான் கடிச்சது, ஒண்டாவது குண்டி தூக்கேல்லை.

இப்ப நீங்கள் சொல்லுறியள் அவனுக்கு டெங்கு எண்டு. ஆஸ்பத்திரியும் அப்பிடித்தான் சொல்லுதாம். டெங்கு கொழும்பில வாற சாமான் பிள்ளை. லுட்ஸ் கொழும்பைப் படத்திலதான் கண்டவன். அவன் இந்த ஆத்தைத் தாண்டி அங்கால பிரான்சுக்குப் போறதுக்கே ரெண்டு கிழமை யோசிப்பான். அவனுக்கு எங்கால டெங்கு? என்னைக் கடிச்ச வரிப்பூச்சி கொண்டுபோய் அவனுக்குக் குடுத்ததெண்டோ சொல்லுறியள்? என்னை ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

பாருங்கோ, ஆனால் பாத்துக்கொண்டு கேளுங்கோ. நான் எழும்பி நடமாடி ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் அவன் விழுந்தது. ஆவணிக் கடைசி. வேலியைப் பிடிச்சுக்கொண்டு வந்தான், முகம் சிவந்து போய். டொக்டரிட்டைப் போனவனாம். டொக்டர் என்ன சொன்னவன் எண்டு நினைக்கிறியள்? கோடைத் தடிமன், தேத்தண்ணி குடி! நான் சொல்லேல்லையே? எலும்பெல்லாம் முறியிற மாதிரி இருக்கெண்டு மனிசன் அழுதான் பிள்ளை. வேலி ரெண்டு சென்ரி வளர்ந்து நிண்டது, அவன் அளக்கேல்லை. பேந்து ஐஞ்சாம் நாள், சனிக்கிழமை, மூக்கால ரத்தம். வெள்ளை பெனியன் முழுக்க. அம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டனான். தோட்டக்காரர் எல்லாம் வேலிக்கு மேலால தலையை நீட்டிக்கொண்டு நிண்டவை, ஒரு ஆள் உள்ளுக்க வரேல்லை. 

என்ன குளிசை? அவன் ஏதும் குளிசை போட்டவனோ எண்டு என்னட்டை ஏன் கேக்கிறியள்? நான் என்ன அவன்ர தாயே? அவனிட்டைக் கேக்கச் சொல்லுங்கோ. டொக்டர்மார் எத்தினை பேர் நிக்கினம் அங்க, கேக்கத் தெரியாதே?

கேட்டவையோ.

மூண்டு தரமோ? இல்லையெண்டே சொன்னவன்? தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சனான் எண்டே?

பொறுங்கோ.  

வயித்துக்குள்ளயும் ரத்தம் போகுதோ. டெங்குக்கு இந்தளவு போகக்கூடாது எண்டு அவை தேடுகினமோ. தேடட்டும். என்னத்தைத் தேடுகினம், வாயைத் திறந்து சொன்னால் முடிஞ்சுது! மடையன். மடையன் பிள்ளை அவன், வடிகட்டின மடையன். நான் உரல் இடிச்சதைச் சங்கத்துக்குச் சொன்னவன், முருங்கை வைச்சதைச் சொன்னவன், என்ர வேலி ஒரு விரலளவு கூடினால் தலைவர், செயலாளர் எண்டு மூண்டு பேருக்குப் பிரதி போட்டு எழுதிறவன். இதைச் சொல்லத் தெரியேல்லையோ அவனுக்கு?

நான்தான் சொன்னனான், சொல்லாதை எண்டு. பகிடிக்குத்தான் சொன்னனான். "இந்த நாட்டில டொக்டர் இல்லாதவன் குளிசை குடுத்தால் பொலிஸ் வந்து என்னைத்தான் பிடிக்கும், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னனான். அவன் சிரிக்கேல்லை. தலையை ஆட்டினவன்.

அஸ்பிரின் பிள்ளை. வேற ஒண்டுமில்லை. யாழ்ப்பாணத்தில பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துப் பாமசியில வாங்கினது, கடதாசிப் பைக்குள்ள போட்டுத் தந்தவங்கள், மேல பேரும் இல்லை. வன்னியில காய்ச்சல்காரருக்கு மேல் உளைவுக்கு நாங்கள் குடுக்கிறதுதான். எத்தினை பேருக்குக் குடுத்திருப்பன், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. எனக்குக் களை வந்த நேரம் நானும் ரெண்டு போட்டனான், வயிறு எரிஞ்சது, விட்டிட்டன். அவனுக்குக் காலமை ரெண்டு, மத்தியானம் ரெண்டு, பின்னேரம் ரெண்டு எண்டு சொன்னனான். நாலு நாளைக்கு. நிப்பாட்டாமல் போடு, நடுவில விட்டால் பலிக்காது எண்டும் சொன்னனான். எனக்குத் தெரிஞ்சு இந்த உலகத்தில நான் என்ன சொன்னாலும் அப்பிடியே செய்யிற ஒரே மனிசன் அவன்தான் பிள்ளை. ஒரு நேரம் தவறியிருக்க மாட்டான். மணி பாத்து விழுங்கியிருப்பான், கொப்பியில எழுதியிருப்பான்.

டெங்குக்கு அதைக் குடுக்கவே கூடாதோ. ரத்தம் உறையாதோ. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. அந்தத் தாடிப்பெடியன் சொன்னவனோ தெரியாது. நான் கேக்கேல்லை.

எழுதிக்கொண்டு இருக்காதேங்கோ பிள்ளை, பேந்து எழுதலாம். போனை எடுங்கோ. ஆஸ்பத்திரிக்கு எடுங்கோ. இல்லை, நான் கதைக்கேல்லை, எனக்கு டொச் வருகுதில்லை இப்ப, நீங்களே கதையுங்கோ. அஸ்பிரின், முந்நூறு மில்லிகிராம், இருபத்துநாலு குளிசை. தில்லையம்பலம் குடுத்தது எண்டு சொல்லுங்கோ. காய்ச்சல் எண்டே எழுதுங்கோ எனக்கும், களை எண்டு போட்டதை வெட்டுங்கோ. என்ர ரத்தமும் வேணுமெண்டால் எடுங்கோ.

அடிக்குதோ? எடுத்திட்டினமோ? முதல் குளிசையைச் சொல்லுங்கோ. சொல்லி முடிச்சாப்போல இன்னொண்டு கேளுங்கோ. அந்த நேர்ஸை அவனிட்டைப் போகச் சொல்லுங்கோ. ஹெர் தில்லை எல்லாத்தையும் சொல்லிப்போட்டார், இனி நீ ஒண்டும் மறைக்கத் தேவையில்லை எண்டு காதுக்குள்ள சொல்லச் சொல்லுங்கோ. அவன் நினைவில்லாமல் கிடந்தாலும் பரவாயில்லை, ஒருக்காப் போய்ச் சொல்லச் சொல்லுங்கோ.